பதினோராவது வளைவுக்கு வைத்த அளவு

வணக்கம். எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? போடியில் நாலு நாளாகச் சாரல். எனக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் செய்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

நான் ரேணுகா. வீட்டுக்காரர் போன பிறகு அவருடைய ஒர்க்ஷாப்பை நான்தான் நடத்துகிறேன். ஸ்பேனர் பிடிப்பதைவிட, லேப்டாப்பை வண்டியில் மாட்டி அளவு திருத்துவது எனக்கு நன்றாக வரும். ஜீப்பில் ஏர்ஃபில்டருக்கு அடுத்தாற்போல் ஒரு சென்சார் இருக்கும். உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதற்குத் தக்கபடிதான் கம்ப்யூட்டர் டீசல் கொடுக்கும். சென்சார் சொல்வதும் உண்மையான காற்றும் ஒத்துப்போகும்படி, கட்டம் கட்டமாக எண்களைத் திருத்த வேண்டும். பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு.

என் ஒரே மகன் முத்துக்கண்ணன் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். ஆவணியில் அவன் ஜீப்புக்கு நான்தான் அளவு வைத்தேன். பதினாறு பேரோடு திணறாமல் ஏறியது.

அதன் பின்படியில் சுகன்யா உட்காருவாள். மேட்டில் வண்டி நின்றுபோனால் குதித்து, பின்சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுக்கிறவள் அவள். "வச்சாச்சு" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் முத்துக்கண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். வண்டி நகர்ந்ததும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வாள். எல்லா ஜீப்பிலும் இப்படி ஒருவர் உண்டு.

"கட்டைய மட்டுமா வச்சிருக்கா, டிரைவரையும்ல கைக்குள்ள வச்சிருக்கா" என்று மற்றப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

"ஒனக்கு ஏன்டி எரியுது? வேணும்னா நீ எறங்கி வையி" என்பாள். துடியான பெண்தான்.

புரட்டாசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே முத்துக்கண்ணன் சொன்னான்.

"தையில கல்யாணத்த வச்சுக்குவோம் ஆத்தா. தோட்டத்து லயத்துலயே வீடு தர்றாங்க. நாங்க அங்கனயே இருந்துக்கிறோம்."

"அப்ப நானு?"

"வாரம் ஒருக்க வருவேன்ல."

சரிப்பா என்றேன். இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன். கோபமெல்லாம் இல்லை. அவன் இல்லாத வீட்டில் எனக்கு மட்டும் உலை வைப்பதை நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் காய்ச்சலில் படுத்தான். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, ஜீப்பில் லேப்டாப்பை மாட்டினேன். எல்லா எண்களையும் தொடவில்லை. லோடோடு மெதுவாக மேடேறும்போது வேலைக்கு வருகிற ஐந்து கட்டங்களில் மட்டும் காற்றைக் குறைத்து வைத்தேன். காற்று குறைவு என்றால் டீசலும் குறையும், இழுவையும் போகும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பதினாறு ஆள் கனத்துக்கு உரமூட்டை ஏற்றி மூன்று நாள் காலையில் மலைப்பாதையில் நானே ஓட்டிப் பார்த்தேன். முதல்நாள் ஏழாவது வளைவில் நின்றது. அங்கே அவ்வளவு சரிவு இல்லை. திருத்தினேன். மூன்றாம் நாள் பதினோராவது வளைவில் நின்றது. அங்கேதான் நல்ல சரிவு.

பழைய கட்டை தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். பாதி உயரம்தான். அடிப்பக்கத்தை இழைத்து வழவழப்பாக்கியிருந்தேன்.

"லேசா இருக்கு அத்தே, தூக்கச் சொகமா இருக்கு. நீங்கதான் என்னய நெனச்சுப் பாத்துச் செஞ்சிருக்கீங்க" என்றாள் சுகன்யா.

ஆமாம் என்றேன். உண்மைதானே.

ஐப்பசி மூன்றாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு வண்டி பதினோராவது வளைவில் நின்றது. அவள் குதித்தாள். "வச்சாச்சு" என்றாளாம். அவன் காலை எடுத்தான். வண்டி முன்னால் போகவில்லை, பின்னால் உருண்டது. அவன் திரும்ப பிரேக்கை மிதிப்பதற்குள் கட்டையும் அவளும் சக்கரத்துக்கு அடியில். மற்றப் பதினைந்து பேருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சோதிக்க வந்தவர்கள் பிரேக்கைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. லேப்டாப் மாட்டிப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஐந்து கட்டங்களையும் பழையபடி வைத்துவிட்டு எண்களைக் காட்டினேன். டிரைவர் அவசரப்பட்டதாக எழுதிக்கொண்டார்கள். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"வெரசாக் கால எடுத்துட்டேனா ஆத்தா?" என்று முத்துக்கண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

"இல்லப்பா" என்பேன். பிள்ளையிடம் நான் பொய் சொன்னதில்லை.

இப்போது அதையும் கேட்பதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான். வண்டிச் சாவியைத் தொடுவதில்லை, வாசலுக்கும் வருவதில்லை. வீட்டில்தான் இருக்கிறான். நான் நினைத்தது நடந்துவிட்டது.

வளர்ந்த பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொள்ள நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன், அவனுக்கும் பொழுது போகும்.