குப்பைத்தொட்டிக்கு இடம் உண்டு

கோரினா: …இல்ல தலைவரே, முதல்ல நீங்க சொல்லுங்க. நீங்க எதுக்கு இந்த ஆபீசுக்கு வந்தீங்க?

ஒவிடியு: அடையாள அட்டை மாத்தணும். ஓரம் தேய்ஞ்சு போச்சு.

கோரினா: காட்டுங்க.

ஒவிடியு: எதை?

கோரினா: தேய்ஞ்ச ஓரத்தை.

ஒவிடியு: அது… பையில அடியில இருக்கு.

கோரினா: அட்டை மாத்துறது ரெண்டாம் கவுண்டர்ல. நீங்க நாலாம் கவுண்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க.

ஒவிடியு: இங்க ஹீட்டர் இருக்கு. மார்ச் மாசமா இது? காது விறைச்சுப் போச்சு.

கோரினா: நாலாம் கவுண்டர்ல ஒரே ஒரு வேலைதான் நடக்கும். தற்காலிக முகவரிச் சீட்டு. அட்டைக்குப் பின்னாடி ஒட்டுவாங்களே…

ஒவிடியு: தெரியும், தெரியும். நீங்களும் இங்கதானே உட்கார்ந்திருக்கீங்க கோரினா?

கோரினா: நானும் ஹீட்டருக்குத்தான்.

ஒவிடியு: சரி. அப்போ ரெண்டு பேரும் குளிர் காயலாம்.

கோரினா: காயலாம். உங்க நம்பர் என்ன?

ஒவிடியு: நாற்பத்தேழு.

கோரினா: எனக்கு நாற்பத்தாறு. ஹீட்டருக்கு நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிற ஆளுங்க நாம ரெண்டு பேருதான். ஆமா, அந்தப் பையில என்ன?

ஒவிடியு: ஒண்ணுமில்ல. காபிப் பொடி. ஒரு சாக்லேட் டப்பா.

கோரினா: அட்டை மாத்துறதுக்கு காபியும் சாக்லேட்டும் எதுக்கு? முகவரி தர்ற ஆளுக்குத்தான் இந்த ஊர்ல காபி கொண்டுபோவாங்க.

ஒவிடியு: உங்க பையில இருக்கிறதும் அதே காபிதான். பச்சை பாக்கெட். மூலை தெரியுது.

கோரினா: மாமியாருக்கு.

ஒவிடியு: உங்க மாமியாருக்கு ரத்த அழுத்தம். போன மாசம் நம்ம கட்டிடத்து லிஃப்ட் நின்னப்ப நீங்கதான் சொன்னீங்க. காபி குடிக்க மாட்டாங்கன்னு.

கோரினா: நீங்க இதையெல்லாம் எழுதி வேற வெச்சுக்குவீங்களா?

ஒவிடியு: லிஃப்ட் நின்னதை எழுதினேன். நாற்பது நிமிஷம். கூடவே இதுவும் வந்துடுச்சு.

கோரினா: சரி, விடுங்க. யாரு வீட்டுல உங்க பொண்ணு இலின்கா குடியேறப் போறா?

ஒவிடியு: மெதுவா பேசுங்க. பின்னாடி நாலாம் மாடிக்காரரோட தம்பி மாதிரி ஒருத்தர் இருக்காரு.

கோரினா: அவரே சீட்டு ஒட்ட வந்தவர்தான். நாலாம் மாடிக்காரர் பொண்ணு போன வாரத்துல இருந்து பல் டாக்டர் வீட்டுல இருக்கா. காகிதத்துல. ரெண்டாம் மாடி இரட்டைப் பிள்ளைங்க யார் வீட்டுல தெரியுமா? ஸ்கூட்டர் ரிப்பேர்க்காரர் வீட்டுல. அவருக்கு ஒரே ரூம். அதுலயும் பாதி டயர்.

ஒவிடியு: எனக்குத் தெரியும். பட்டியல் போட்டிருக்கேன். முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. முப்பத்தொண்ணு போயாச்சு.

கோரினா: அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைங்களோட அப்பா அம்மாவும் கையெழுத்துப் போட்ட காகிதம் வாசல்ல ஒட்டியிருக்கே?

ஒவிடியு: அது இன்னும் இருக்கு. மழையில கூட போகல. நல்ல பசை.

கோரினா: நல்ல எழுத்தும்தான்.

ஒவிடியு: கிண்டல் பண்ணாதீங்க.

கோரினா: பண்ணல. எனக்கு மனப்பாடம். 'எங்கள் பிள்ளைகள் செங்கற்சூளைத் தெருப் பள்ளிக்கே போவார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.' கீழ முதல் கையெழுத்து, குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒவிடியு. எத்தனை நாள் எழுதினீங்க?

ஒவிடியு: மூணு நாள். 'பெஞ்சு'ங்கிற வார்த்தையை ரெண்டு தடவை எடுத்துட்டு மறுபடி போட்டேன். அதிகமாத் தெரியுதோன்னு.

கோரினா: அதுதான் நல்லா இருந்துச்சு.

ஒவிடியு: இப்ப அந்தப் பெஞ்சு என் மேல விழுது.

கோரினா: யோசிச்சுப் பாருங்க, நாம எவ்வளவு புத்திசாலிங்க. கட்டிடத்து விளம்பரத்துல என்ன போட்டிருந்தான்? 'பாப்ளர் தெருப் பள்ளிக்கு ஆறு நிமிஷ நடை'. நான் நடந்து பார்த்தேன். அஞ்சரை நிமிஷம். ஏமாத்தலன்னு சந்தோஷப்பட்டு வீட்டை வாங்கினேன்.

ஒவிடியு: நான் மூணு தடவை நடந்தேன். இலின்கா கால் சின்னதுன்னு மெதுவா ஒரு தடவை.

கோரினா: நூத்திப் பதினெட்டு வீடு. நூத்திப் பதினெட்டுப் பேரும் அதே மாதிரி நடந்து பார்த்திருக்கோம். எல்லாரும் வந்து சேர்ந்ததும் பள்ளியில இடமில்ல. நகராட்சிக்காரங்க எல்லையை மாத்திட்டாங்க.

ஒவிடியு: கோடு நம்ம கார் நிறுத்துற இடத்துக்கு நடுவுல போகுது. வரைபடம் வாங்கிப் பார்த்தேன். நூத்திப் பதினெட்டு வீடும் செங்கற்சூளைத் தெருப் பக்கம். குப்பைத்தொட்டி மட்டும் பாப்ளர் தெருப் பக்கம்.

கோரினா: அப்போ நம்ம குப்பைத்தொட்டிக்கு அந்தப் பள்ளியில இடம் உண்டு.

ஒவிடியு: முதல் பட்டியல்லயே.

கோரினா: செங்கற்சூளைத் தெருப் பள்ளிக்கு உள்ள போய்ப் பார்த்திருக்கீங்களா?

ஒவிடியு: வெளியில நின்னு பார்த்தேன். வேலி வழியா.

கோரினா: என்ன இருந்துச்சு?

ஒவிடியு: பள்ளிதான். பிள்ளைங்க ஓடிக்கிட்டு இருந்தாங்க. முக்கால்வாசி ரோமா பிள்ளைங்க, ஊரே ஒதுக்கி வைக்குமே, அந்தச் சனம். ஒரு டீச்சர் ஒரு பையனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டாங்க.

கோரினா: பயமா இருந்துச்சா?

ஒவிடியு: இல்ல. அதுதான் அசிங்கமா இருந்துச்சு. பயப்பட ஏதாவது இருக்கும்னு போனேன், ஒண்ணுமே இல்ல. வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்டா, எப்படி இருக்குன்னு. 'பரவாயில்ல'ன்னேன். அவ முகத்தைப் பார்த்தேன். மறுநாளே முகவரி தேட ஆரம்பிச்சுட்டேன்.

கோரினா: யாரு குடுத்தாங்க?

ஒவிடியு: பேக்கரி லிவியாதான் ஏற்பாடு பண்ணினா. பாப்ளர் தெரு ஒன்பதாம் நம்பர். ஒரு அம்மா. நான் இன்னும் பார்த்ததில்ல. பத்து மணிக்கு இங்க வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க.

கோரினா: ஒன்பதாம் நம்பரா…

ஒவிடியு: ஏன், உங்களுக்கும் அதேதானா? ரெண்டு பேருக்கும் ஒரே வீடுன்னா சந்தேகப்படுவாங்களே…

கோரினா: எனக்கும் அந்த அம்மாதான் வராங்க.

ஒவிடியு: கடவுளே. சரி, உங்க பையன் ஹோரியாவை முதல்ல எழுதட்டும். நான் நாளைக்கு வரேன்.

கோரினா: உட்காருங்க தலைவரே. ஓடாதீங்க.

ஒவிடியு: அது என்ன, வீட்டுப் பத்திரமா? உங்க மடியில?

கோரினா: ஆமா.

ஒவிடியு: தங்கப் போறவங்க பத்திரம் கொண்டுவர வேணாம். வீடு குடுக்கிறவங்கதான் கொண்டு வரணும். நான் தேவையான காகிதங்களையெல்லாம் ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

கோரினா: எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்.

ஒவிடியு: எனக்கு ஒண்ணுதான் பயம். கவுண்டர்ல இப்ப இருக்கிற முகவரியைச் சத்தமாப் படிப்பாங்களாம். அந்த அம்மாகிட்ட நான் எந்தக் கட்டிடம்னு சொல்லல. டிராம் பாதைக்கு அந்தப் பக்கம்னு மட்டும் லிவியா சொல்லியிருக்கா.

கோரினா: அதுல என்ன பயம்?

ஒவிடியு: வாசல்ல அந்தக் காகிதம் ஒட்டியிருக்கே. அவங்க அந்தப் பக்கமா நடந்திருந்தா…

சிதோனியா: கோரினா கண்ணு, ரொம்ப நேரம் ஆச்சா? டிராம் வரவே இல்ல. நடந்தே வந்தேன்.

கோரினா: வாங்க சிதோனியாம்மா. இன்னும் கூப்பிடல. உட்காருங்க. இந்தாங்க காபி.

சிதோனியா: இதெல்லாம் எதுக்கு? நான் இல்ல உனக்குத் தரணும். இரு, எள்ளு தூவின கோவ்ரிக் ரொட்டி ரெண்டு வாங்கினேன், சூடா இருக்கு. இவரு…?

ஒவிடியு: வணக்கம்மா. நான்தான் லிவியா சொன்ன… நாற்பத்தேழு.

சிதோனியா: ஓ, நீங்கதானா தம்பி. நல்லதாப் போச்சு. ஒரே நடையில ரெண்டு வேலை. ஒண்ணு வெளியில, ஒண்ணு உள்ள.

ஒவிடியு: புரியலம்மா.

கவுண்டர்: நாற்பத்தாறு.

கோரினா: வாங்கம்மா.

கவுண்டர்: வீட்டுக்காரங்க யாரு?

கோரினா: நான். பத்திரம் இந்தாங்க.

கவுண்டர்: தங்கப் போறது?

சிதோனியா: என் பேத்தி, ரெபேக்கா. ஏழு வயசு. அவ அம்மா ஸ்பெயின்ல ஸ்ட்ராபெரி பறிக்கிறா, நான்தான் காப்பாளர். கோர்ட்டுக் காகிதம் இருக்கு.

கவுண்டர்: பாப்ளர் தெரு ஒன்பதுல இருந்து புதுக் கட்டிடம், மூணாம் மாடிக்கு. சரியா? எல்லாரும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் அங்கிருந்து இங்க வரீங்க. ஆங்… இங்க கையெழுத்து. சீட்டு அச்சடிக்கணும், பக்கத்துல நில்லுங்க.

ஒவிடியு: கோரினா… ஒரு நிமிஷம்… நீங்க?

கோரினா: என்ன, முகம் வெளுத்துப் போச்சு? ஹீட்டர் பக்கம் நில்லுங்க.

ஒவிடியு: ஹோரியா?

கோரினா: ஹோரியா செங்கற்சூளைத் தெருவுக்குத்தான் போறான். கையெழுத்துப் போட்டேன்ல.

ஒவிடியு: இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே நீங்க.

கோரினா: சொன்னா சிரிப்பீங்க. கட்டிடமே சிரிக்கும். உடனே என்னை நல்லவள்னு நினைச்சுடாதீங்க. ஜனவரியில இதே காபிப் பாக்கெட்டோட ஆறு வீட்டு வாசல்ல நின்னேன். எல்லா முகவரியும் தீர்ந்து போச்சு. அப்புறம்தான் எனக்குக் கொள்கை வந்துச்சு.

சிதோனியா: இந்தப் பொண்ணு குப்பை கொட்ட வந்தப்பதான் நான் பார்த்தேன் தம்பி. உங்களுக்குத் தெரியுமா அந்தப் புதுக் கட்டிடம்? அதோட வாசல்ல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. நான் மூணு தடவை படிச்சேன்.

ஒவிடியு: மூணு தடவையா?

சிதோனியா: என் பெரிய பேரன் பாப்ளர் தெருப் பள்ளியிலதான் படிச்சான். நல்ல பள்ளிதான், சுவரெல்லாம் சுத்தம். நாலு வருஷம் கடைசிப் பெஞ்சு. ரோமாப் பையன்னு அவன் பக்கத்துல யாரும் உட்காரல. யாரும் திட்டல, அடிக்கல. உட்காரல, அவ்வளவுதான். இந்தச் சின்னதை அங்க விட எனக்கு மனசில்ல. அந்தக் காகிதத்துல பெஞ்சுன்னே எழுதியிருக்கான் பாருங்க. யாரும் கேட்காம அவனே எழுதியிருக்கான்.

ஒவிடியு: நேரா செங்கற்சூளைத் தெருப் பள்ளியிலயே கேட்டிருக்கலாமேம்மா…

சிதோனியா: கேட்டேன். புதுக் கட்டிடத்துல இருந்து முப்பத்தெட்டுப் பேர் வராங்க, அந்தப் பக்கம் முகவரி இருந்தாத்தான் இடம்னு சொல்லிட்டாங்க. முப்பத்தெட்டு! அதைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

கோரினா: அம்மா, அந்தக் கோவ்ரிக்ல ஒண்ணு தலைவ… இவருக்குக் குடுங்க. காலையில சாப்பிடலபோல.

சிதோனியா: சாப்பிடுங்க தம்பி. உங்க பொண்ணு பேரென்ன?

ஒவிடியு: இலின்கா.

சிதோனியா: நல்ல பேரு. ரெபேக்கா காகிதத்துல கிளம்புறா, இலின்கா காகிதத்துல வரா. என் வீடு அப்படியே இருக்கும். என்ன, பள்ளியில அந்தக் கடைசிப் பெஞ்சுல என் பேரன் பேரு கீறியிருக்கும். உங்க பொண்ணுக்குக் காட்டுங்க.

கவுண்டர்: நாற்பத்தாறு, சீட்டு ரெடி. நாற்பத்தேழு வாங்க.

சிதோனியா: வாங்க தம்பி, பத்திரம் என்கிட்ட இருக்கு.

கவுண்டர்: நாற்பத்தேழு. இப்ப இருக்கிற முகவரி சொல்லுங்க. நாற்பத்தேழு இருக்காரா, இல்லையா?

ஒவிடியு: நாற்பத்தெட்டைக் கூப்பிடுங்க சார்.

கோரினா: யோசிச்சுச் சொல்லுங்க…

ஒவிடியு: கூப்பிடுங்க சார். எனக்கு வேலை முடிஞ்சு போச்சு.

சிதோனியா: என்ன ஆச்சு தம்பி? அப்போ பொண்ணை எங்க சேர்ப்பீங்க? கோரினா, இவருக்கும் அந்தப் பள்ளியைப் பத்திச் சொல்லு. அந்தக் காகிதம் எழுதினவரை உனக்குத் தெரியும்ல? ஒரு நாள் காட்டு. கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்.

கோரினா: அவரு… இன்னைக்கு வரலம்மா.

ஒவிடியு: வந்திருக்கேன், கோரினா. நான்தான்மா எழுதினேன். எல்லாரும் அதை நம்பி அங்க போயிட்டா, பாப்ளர் தெருவுல என் பொண்ணுக்கு ஒரு பெஞ்சு காலியாகும்னு எழுதினேன். மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன். நீங்க படிப்பீங்கன்னு நினைக்கல… செப்டம்பர்ல ரெபேக்கா பக்கத்துல ஒரு இடம் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. இலின்கா கொஞ்சம் லேட்டாத்தான் வருவா, கால் சின்னது.