சிசோமோ அப்ரூவல் போட்ட பாவாடை

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, இவள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்பிற்குரிய தலைவர், எங்கள் அறக்கட்டளையின் அச்சாணி, நல்லூர் கிட்டுசாமி ஐயா அவர்களே! வெள்ளகோவிலிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து முதல் வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! இன்றைக்கு ஓவர்டைம் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, தலைமுடியில் ஒட்டிய நூல் பிசிறோடு நேரே இந்தத் திருப்பூர் ராயபுரம் மண்டபத்துக்குள் நுழைந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களைக் கூட்டிப்போக வந்து, வெளியே நிற்க வெட்கப்பட்டு உள்ளே உட்கார்ந்துவிட்ட தந்தைமார்களே! கடைசி வரிசையில் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கைதட்டவும் தயாராக இருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவரையும் இந்த அன்புசெல்வி இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். மாலையில் மேடை கண்டால் விடமாட்டேன். பகலில் நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்பதை நம்மவருக்குச் சொல்லி, நம்மவர் திட்டுவதைப் பையருக்குச் சொல்லாமல் மறைத்துப் பிழைக்கும் பிழைப்பு. சிரிக்கிறீர்கள்! இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது.

இன்றைக்கு என்னிடம் ஒப்படைத்த பொருள், ஆப்பிரிக்கப் பெண் குழந்தைகளின் கல்விக்கு நாம் கொடுத்த கை. மலாவி என்றொரு நாடு. ஏரியும் செம்மண்ணும் மக்காச்சோளக் காடுமாக விரிந்த நாடு. சோள மாவைக் கிண்டிக் களி போலவே உருட்டிச் சாப்பிடுகிறார்கள் என்றால், அவர்கள் நமக்குத் தூரத்துச் சொந்தமா, பக்கத்துச் சொந்தமா? அங்கே ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளி. அதன் தலைமை ஆசிரியை எஸ்தர் அம்மையார். அந்தப் பள்ளிக்கு உதவுவோம் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் நாம் தீர்மானம் போட்டோம். கைதட்டினோம். கேசரி சாப்பிட்டோம்.

உதவி என்றதும் திருப்பூர்க்காரன் நெஞ்சில் முதலில் என்ன தோன்றும்? துணி தோன்றும். துணி என்றதும் எந்த நிறம் தோன்றும்? வெள்ளை! வெள்ளை பனியனால் பேர் எடுத்த ஊர் அல்லவா இது? பால் போல வெள்ளை, பஞ்சு போல வெள்ளை, கண் கூசும் வெள்ளையில் முந்நூறு சட்டை, முந்நூறு பாவாடை தைத்தோம். பெட்டியில் அடுக்கினோம். பெட்டிக்குப் பொட்டு வைத்தோம். தூத்துக்குடித் துறைமுகம் வரைக்கும் நம் தலைவர் தானே காரில் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். பெட்டி போய்ச் சேர்ந்ததும் எஸ்தர் அம்மையார் பூரித்துப்போய், திங்கட்கிழமை முதல் எல்லோரும் இந்தச் சீருடையில்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? குறைந்திருந்தார்கள்! பழைய கறுப்புப் பாவாடையில் தவறாமல் வந்த பிள்ளைகள், புதுப் பாவாடை கொடுத்த பிறகு மாதத்தில் நாலைந்து நாள் காணாமல் போனார்கள்.

நம் தலைவருக்கு வந்ததே கோபம்! தலைவர் மன்னிக்க வேண்டும், நடந்ததைத்தான் சொல்கிறேன். "ஏனம்மிணி, பார்த்துப் பார்த்துத் தச்சுக் குடுத்தம். வர்ற புள்ளைங்களும் நின்னு போச்சு. அவீங்களுக்குப் படிக்கற ஆசையே இல்லையாட்டங்குது. இத்தோட நிறுத்திக்கலாமுங்க" என்றார். கமிட்டியில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். ஆட்டிய தலைகளில் என் தலையும் ஒன்று. அதை இன்றைக்கு இந்த மேடையில் ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறை வீடியோவில் பேசிவிடலாம் என்று முடிவானது. மொழிபெயர்க்க நான். தொழிலாளர் சார்பில் கமிட்டியில் இருக்கும் செக்கிங் பிரிவு நஞ்சம்மாள் அக்கா ஓரத்து நாற்காலியில். அந்தப் பக்கம் எஸ்தர் அம்மையாரும், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும். பெயர் சிசோமோ. அவர்கள் மொழியில் அருள் என்று பொருளாம்.

பேச்சு எப்படிப் போனது என்று கேளுங்கள். நாம் மரியாதைக்குப் பேர்போன கொங்குக்காரர்கள். அவர்களும் நமக்கு இம்மியும் குறையாத மரியாதைக்காரர்கள். அவர்கள் நன்றி என்றார்கள். நாம் பரவாயில்லீங்க என்றோம். அவர்கள் மறுபடி நன்றி என்றார்கள். நாம் மறுபடி இருக்கட்டுமுங்க என்றோம். இப்படியே அரைமணி நேரம்! கேட்க வேண்டியதை நாம் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்லவில்லை.

அப்போதுதான் நஞ்சம்மாள் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தார். "அன்பு, நாங் கேக்கறத அப்படியே கேளு" என்றார். "ஏங் கண்ணு, மாசத்துல அந்த நாளு வந்தா, இந்த வெள்ளப் பாவாடையில நீ எப்படிப் பள்ளிக்கொடம் போற?"

அறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே சுற்றும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்கள். நான் கேள்வியை மொழிபெயர்த்தேன். சிசோமோ எஸ்தர் அம்மையாரைப் பார்த்தாள். பிறகு நேராக எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"போவதில்லை, அம்மா. இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். பையன்களும் அதே பாதையில்தான் வருவார்கள். வெள்ளையில் ஒரு சொட்டு பட்டாலும் தெரியும். கறுப்பு இருந்தபோது நான் ஒரு நாளும் விட்டதில்லை. வருகை குறைந்தால் எங்கள் பள்ளியில் இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள். இனி ஒரு நாள் விட்டாலும் எனக்குத் தேர்வு கிடையாது. தேர்வு இல்லாவிட்டால் கல்யாணம்தான் என்று சித்தப்பா சொல்லிவிட்டார்."

தாய்மார்களே! அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு வரவழைக்க நாம் அனுப்பிய பாவாடை அவளை வீட்டில் உட்கார வைத்திருந்தது. நம் கை, நம் நூல், நம் தையல். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

எஸ்தர் அம்மையார் அன்றைக்கே எல்லோரும் பழைய பாவாடையில் வரலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் பழையது எத்தனை நாள் தாங்கும்? கிழிந்துகொண்டே இருந்தது. கடைசித் தேர்வுக்கு ஒரு பருவம்தான் மிச்சம்.

அன்று சாயங்காலம் கம்பெனிக்குத் திரும்பி என் மேசையில் உட்கார்ந்தேன். எதிரே ஜெர்மனிப் பையர் ஒருவர் சாம்பிளில் குறை எழுதி அனுப்பிய கமெண்ட்ஸ் தாள். ஒரு பட்டனைத் தைக்கும் நூலின் நிறத்துக்கு மூன்றாவது முறையாக சாம்பிள் கேட்டிருந்தார். நாமும் முகம் சுளிக்காமல் மூன்றாவது முறையாகத் தைத்துக்கொண்டிருந்தோம். ஐயா, பையர் கையெழுத்துப் போட்டு அப்ரூவல் தராமல் இந்த ஊரில் ஒரு பீஸ் வெட்டுவோமா? ஒரு லேபிள் ஒட்டுவோமா? காலர் கால் அங்குலம் கூடினால் கப்பலை நிறுத்துகிற ஊர் அல்லவா இது! முந்நூறு பெண் பிள்ளைகள் உடுத்தப்போகும் பாவாடைக்கு ஏன் ஒரே ஒரு சாம்பிள்கூட அனுப்பவில்லை? இலவசம்தானே என்று நினைத்தோம். இலவசமாய் வாங்குகிறவரிடம் போய் யார் அப்ரூவல் கேட்பது என்று நினைத்தோம். நினைத்தோமா இல்லையா? முன்வரிசையில் நம் கமிட்டி செந்தில்வேல் அண்ணன் குனிந்துகொள்கிறார், எனக்குத் தெரிகிறது!

அதே கமெண்ட்ஸ் தாளில் ஜெர்மனிக்காரர் பெயரை அழித்தேன். பையர் என்ற இடத்தில் சிசோமோ என்று எழுதி, அந்த வெள்ளைப் பாவாடைக்குக் குறை எழுதச் சொல்லி அனுப்பினேன்.

வந்தது பாருங்கள் பதில்! பள்ளிக்கூடமே கூடி உட்கார்ந்து எழுதியிருந்தது. நிறம் சரியில்லை, கரும்பச்சை வேண்டும். பை இல்லை, இரண்டு வேண்டும். இடுப்பு என்ற இடத்தில், "நாங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அடியில், "நன்றி நிறைய உண்டு. அப்ரூவல் இல்லை."

எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் ஜெயபாண்டி, மதுரைக்காரர், தாளை வாங்கிப் படித்துவிட்டு, "என்னக்கா இதுக, ஜெர்மனிக்காரனையே தூக்கிச் சாப்பிட்டுரும் போலருக்கே!" என்றார். முதல் சாம்பிள் போனது. பை ஆழம் போதாது என்று திரும்பியது. இரண்டாவது போனது. மணிக்கட்டு வரை கையை விட்டுப் படம் எடுத்து அனுப்பி, இன்னும் ஆழம் என்றார்கள். "பாவாடைக்குப் பை வைக்கிறமா, பைக்குப் பாவாடை வைக்கிறமாக்கா?" என்று ஜெயபாண்டி தலையில் கைவைத்தார். எதற்கம்மா இவ்வளவு ஆழம் என்று சிசோமோவிடம் கேட்டேன். "அந்த நாளுக்கு வேண்டியதை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்க வேண்டும்" என்றாள். ஜெயபாண்டி தலையிலிருந்து கையை எடுத்தார். பையைத் தானே உட்கார்ந்து தைத்தார். மூன்றாவது சாம்பிளுக்கு அப்ரூவல் வந்தது, சிசோமோவின் கையெழுத்தோடு. முந்நூறையும் வெட்டித் தைத்து உடனே விமானத்தில் அனுப்பினோம்.

அந்தக் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கேள்வியும் வந்தது. துணியை வெட்டி அனுப்புங்கள், அடுத்த முறை எங்கள் அம்மாக்களே தைக்கலாமா?

தலைவர் தாடையைச் சொறிந்தார். "அப்பறம் நமக்கென்னங்க வேலை?" என்றார். நஞ்சம்மாள் அக்கா விடவில்லை. "ஏஞ் சாமி, வேலைக்கா பஞ்சம்? மிசின் குடுக்கலாம், பழகிக் குடுக்கலாம். செக்கிங்க நான் போன்லயே பார்த்துப்போடறனுங்க!" இன்றைக்கு அந்தப் பள்ளியின் பின்கட்டில் பன்னிரண்டு அம்மாக்கள் தைக்கிறார்கள். தையல் கோணினால் நஞ்சம்மாள் அக்கா இங்கிருந்து தமிழில் திட்டுகிறார். அவர்கள் அங்கே தங்கள் மொழியில் சிரிக்கிறார்கள். பிரித்துத் தைக்க மட்டும் தவறுவதில்லை.

பின்னால் யாரோ கேட்கிறீர்கள். என்ன தாயீ? சத்தமாக! "அந்தப் புள்ள பரீட்ச எழுதுச்சா?" அப்படிக் கேளுங்கள் தாயே! முதலாளிமார் எவரும் கேட்காத கேள்வி! எழுதினாள். முதலில் பழைய கறுப்பு, பிறகு கரும்பச்சைப் பாவாடை உடுத்தி, அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட விடாமல் நடந்து போய், தேர்வு எழுதினாள். முடிவு என்ன ஆயிற்று? பொறுங்கள், இன்னும் என் நேரம் முடியவில்லை. தலைவர் மேசை மணியிலிருந்து கையை எடுக்கட்டும்.

போன வாரம் மலாவியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. இந்த ஊர் உலகத்துக்குச் சட்டை அனுப்பும். இந்த ஊருக்குச் சட்டை அனுப்பியவர் உண்டா? இதோ! பூப்போட்ட நீலச் சட்டை. சிசோமோவின் அம்மா நம் தலைவருக்குத் தைத்தது. அளவை யார் கொடுத்தது என்று முறைக்காதீர்கள் ஐயா, உங்கள் வீட்டு அம்மாவைக் கேளுங்கள். கூடவே ஒரு தாளும் வந்திருக்கிறது. நாம் அனுப்பிய அதே கமெண்ட்ஸ் தாள். பையர் என்ற இடத்தில் கிட்டுசாமி, திருப்பூர்!

போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே போடலாம், வெட்கம் எதற்கு? அடடா, மாப்பிள்ளை தோற்றார்! என்ன? "கை கொஞ்சம் நீளமுங்க அம்மிணி" என்கிறார். எழுதிக்கொள்கிறேன், கை நீளம். அவர்களுக்கும் நேர்மையான கமெண்ட் போக வேண்டும் அல்லவா? பை எப்படி? கையை விட்டுப் பாருங்கள். இன்னும் உள்ளே. இன்னும் ஆழமாக. மணிக்கட்டுக்கு மேலே போகிறதா? ஏதோ தட்டுப்படுகிறதா? எடுங்கள். பிரித்து வாசியுங்கள்.

ஏன் ஐயா நிறுத்திவிட்டீர்கள்? கண்ணாடிதான் போட்டிருக்கிறீர்களே. சரி, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், தாளை இப்படிக் கொடுங்கள், நானே வாசிக்கிறேன்.

"மரியாதைக்குரிய ஐயா, நான் தேர்வில் தேறிவிட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சித்தப்பாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்கள் சட்டையில் குறை இருந்தால் எழுதுங்கள், அம்மா சரிசெய்து தருவார். சிசோமோ."

தட்டுங்கள்! மலாவிக்குக் கேட்கத் தட்டுங்கள்!

இன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது, இன்னும் மூன்று பள்ளிகளோடு கைகோப்பது என்று. நிறைவேற்றுங்கள். வாரிக் கொடுங்கள். ஆனால் முதல் பெட்டி போகும் முன்னால் முதல் தாள் போகட்டும். அந்தந்தப் பள்ளிப் பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போடாமல் இந்த ஊரில் ஒரு கத்தரிக்கோலும் துணியைத் தொடக் கூடாது! சம்மதமா? கையைத் தூக்குங்கள். தம்பி, கிரிக்கெட்டை வைத்துவிட்டுத் தூக்கு!

தலைவர் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். சட்டைக் கை நீளம்தான், இங்கிருந்தே தெரிகிறது.

காது கொடுத்த உங்களுக்கும், கேள்வி கேட்ட நஞ்சம்மாள் அக்காவுக்கும், பை தைத்த ஜெயபாண்டிக்கும், வேண்டாம் என்று சொல்லத் துணிந்த சிசோமோவுக்கும் அவள் மொழியிலேயே நன்றி சொல்லி அமர்கிறேன். ஜிக்கோமோ! பத்திரமாக ஊடு போய்ச் சேருங்க. வணக்கமுங்க.