பன்னிரண்டாவது குழி

என் பெயரையும் முகவரியையும் முதல் தாளில் சொல்லிவிட்டேன். வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடமாக மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கூடத்திலிருந்து ஒரு தட்டைத் திருடியதாக என் பிரிவுத் தலைவர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன். தட்டை எடுத்தது நான்தான்.

தட்டு உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக், அதில் பன்னிரண்டு குழிகள். குழிக்குள் சல்லடை போன்ற மெல்லிய தாளின் மேல் மனிதக் குடலின் செல்களை இருபத்தொரு நாள் வளர்ப்போம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி மாற்ற வேண்டும், ஞாயிறு என்று பார்க்க முடியாது. வளர்ந்த பின் மேலே மருந்தை ஊற்றி, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்போம். விழுங்கிய மாத்திரை உடம்பில் எவ்வளவு சேரும் என்று அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். செல் படலத்தில் ஓட்டை இருந்தால் மருந்து ஒழுகி, நன்றாகச் சேருவதுபோல் பொய் காட்டும். ஆகவே முதலில் மின்தடை மீட்டர் வைத்துப் பார்ப்போம். முந்நூறுக்குக் கீழே காட்டும் குழி உதவாது. பன்னிரண்டாவது குழியில் மட்டும் நான் செல் போடுவதே இல்லை. வெறும் தாள் எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிட அதைக் காலியாக விடுவேன். அது நூற்றுப்பத்தைத் தாண்டியதில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, புதிய வலிப்பு மாத்திரைக்கான தட்டில் ஏழு குழிகள் முந்நூறுக்குக் கீழே காட்டின. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வளர்க்க வேண்டும் என்றேன். அதற்குப் பிரிவுத் தலைவர், "இன்னும் மூணு வாரமா? வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்மா. நீ மருந்த ஊத்து, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். ஊற்றினேன். அது என் தப்பு. அதன் பிறகு என் கணவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். எங்கள் பிரிவுக்கு வந்த நான்கு வருடத்தில் ஒருமுறைகூட என் வீட்டாரைக் கேட்காத மனிதர். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் என் குறிப்பேட்டின் தையல் தளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமைப் பக்கம் புதிதாக இருந்தது. எண்கள் என் கையெழுத்துப் போலவே இருந்தன, சுருக்கொப்பமும் இருந்தது. எல்லாக் குழிகளும் நானூறுக்கு மேல். பன்னிரண்டாவதற்கு நேராக நானூற்றுப் பதினெட்டு. ஒரு தட்டையாவது கைப்பட வளர்த்தவர் அப்படி எழுதமாட்டார். எழுதியதை நான் பார்க்கவில்லை. ஆனால் அறைச் சாவி என்னிடமும் பிரிவுத் தலைவரிடமும் மட்டுமே உண்டு.

கழிவை எரிக்க எடுத்துப்போகும் வண்டி நான்கு மணிக்கு வரும், தட்டும் அதில் போய்விடும். அதற்குள் செல்களைப் பதப்படுத்தி நீலச் சாயம் ஏற்றினேன். ஓட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. பன்னிரண்டாவது குழியில் சாயமே பிடிக்கவில்லை. அதன் பிறகு தட்டை டிபன் பாக்சில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் நாத்தனார் ஃப்ரிட்ஜைத் திறந்து, "அண்ணி, சாப்பாட்டுக்குப் பக்கத்துல என்ன இது?" என்றாள். குடல் என்றேன். "யாரோட குடல்? உங்க ஆபீசருதா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயதிலிருந்து வலிப்பு. இந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்க்கப் பெயர் கொடுத்திருக்கிறாள். அடுத்த மாதம் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத்தான் கொடுப்பார்கள். உடம்பில் சேராத மாத்திரையாக இருந்தால் அவள் அடுப்படியிலோ குளியலறையிலோ விழுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

தட்டை இன்று காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியுள்ளேன். நான் வந்தபோது பிரிவுத் தலைவர் காவல் ஆய்வாளர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. மூன்றாம் தாளின் அடியில் நான்கு வரி காலியாக விடப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "சும்மா இடம்தாம்மா, இருந்துட்டுப் போகுது" என்றார் எழுதிய காவலர். அவர் பேனாவை வாங்கி, நான்கு வரிக்கும் குறுக்கே கோடு அடித்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)