சந்தனத்துக்கு அடியில்

ரிசல்ட் வந்துருச்சு. பிள்ளையை எதுல சேக்கலாம்னு வீட்டுக்கு வீடு மாநாடு நடக்குது... இல்லையா? சிரிக்காதீங்க, உங்க வீட்லயும்தான். அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

எங்க ஊர்ல ஒரு ஹாக்கி மைதானம். அதைப் பாத்துக்கிறவர் சடையாண்டி. நாளைக்குப் போட்டி, புல்லு கணுக்கால் உசரம். ஹாக்கி சங்கச் செயலாளர் வந்தாரு, பாத்தாரு. "சாயங்காலத்துக்குள்ள வெட்டலைன்னா நாளையில இருந்து நீ வர வேணாம்"னுட்டுப் போயிட்டாரு. பன்னெண்டு வருஷ வேலைங்க...

புல்லு வெட்டுற மிஷின்ல பழைய ஆயில் கரியாக் கிடந்துச்சு. வடிச்சுட்டாரு. புதுசா எதை ஊத்துறது? வழக்கமா ஊத்துற மெக்கானிக் மாமனார் வீட்ல விருந்துல இருக்காரு. போனை எடுப்பாரா?

பஸ் டிரைவர் கோமதிநாயகம் வந்தாரு. "அண்ணாச்சி, நம்ம பஸ்ஸு அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறுது. அதோட கியர் பெட்டிக்கு ஊத்துற ஆயில் இந்தா இருக்கு. புல்லு எம்மாத்திரம்?" ஊத்தியாச்சு. மிஷினைக் கிளப்புற கயித்தை இழுத்தா... கயிறு வரலை. சடையாண்டி தோள்பட்டைதான் வந்துச்சு.

அடுத்து கேன்டீன் மாஸ்டர் சவரிமுத்து. "அது பாகு மாதிரில்லா இருக்கு. நம்ம கிரைண்டருக்குத் தேங்காயெண்ணெய்தான் விடுறேன். ஏழு வருஷமா சத்தமே இல்லை." பஸ் ஆயிலை வடிச்சுட்டு அதையும் ஊத்தியாச்சு. இழுத்தா... கிளம்பிருச்சு. பத்தடி வெட்டுச்சு. அப்புறம் ஒரே வெள்ளைப் புகை, தேங்காயெண்ணெய் வாசம். ரோட்ல போனவங்க ரெண்டு பேரு உள்ள வந்து, "ஆப்பம் என்ன விலை?"ன்னு கேக்குறாங்க.

மணி மூணு. சடையாண்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாப்பாடு கொண்டாந்த அவர் சம்சாரம் முத்தரசி மிஷினைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. "ஆயுத பூசையில ஏதோ குறை வச்சிட்டீக. அதான் கோவிச்சுக்கிட்டு நிக்கி. பழைய சந்தனத்தைக் கழுவிட்டுப் புதுசா வைப்போம்."

வருஷா வருஷம் ஒரே இடத்துல அப்புன சந்தனம். பன்னெண்டு வருஷத்துச் சந்தனம், ஓடு மாதிரி இறுகிக் கிடக்கு. ஒரு வாளித் தண்ணி ஊத்தி, தேங்கா நாரைப் போட்டுத் தேச்சாங்க. தேய்க்கத் தேய்க்க... அடியில எழுத்து! முத்தரசி எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க. "முப்பதாம் நம்பர் எஞ்சின் ஆயில். அறுநூறு மில்லி."

சடையாண்டி கேட்டாரு, "இதை எப்பளா எழுதுனாங்க?"

"செஞ்சப்பவே எழுதிட்டாங்க. நீங்கதான் பொட்டு வச்சு மறைச்சுட்டீக."

உள்ள கிடந்த எண்ணெயை வடிச்சு அலசி, அந்த ஆயிலை வாங்கி ஊத்துனாரு. ரெண்டே இழுப்பு. பொழுது சாயறதுக்குள்ள மைதானம் கம்பளம் விரிச்சாப்ல ஆயிருச்சு. செயலாளர் வந்து பாத்துட்டு, "காலையில ஏழு மணிக்கு வந்துரு"ன்னாரு. வேலை தப்பிச்சுது.

இப்ப சொல்லுங்க... கோமதிநாயகம் கொண்டாந்தது கெட்ட ஆயிலா? இல்லைங்க. பஸ்ஸுக்கு நல்ல ஆயில். ஆனா உங்க பிள்ளை பஸ்ஸா? கிரைண்டரா? மாமா டாக்டர்ங்கிறாரு, சித்தப்பா இன்ஜினியர்ங்கிறாரு, ஆளுக்கொரு டப்பாவோட நிக்கிறாங்க. நாம "என் ராசா, என் தங்கம்"னு பொட்டு வைக்கிறோம், திருஷ்டி கழிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கும்னு பாத்தோமா?

என் மகனுக்கு நானும் தேங்காயெண்ணெய் ஊத்துனவன்தான். மூணு வருஷம் காலேஜ்ல புகையாத்தான் வந்துச்சு. ஒரு நாள் மெதுவாச் சொன்னான்... "அப்பா, நீங்க என்னை ஒரு தடவைகூடக் கேக்கலையே." மேடை மேடையாப் பேசுறவன் நான். வீட்ல பெத்த பிள்ளைகிட்ட ஒரு கேள்வி கேக்கலை.

நீங்க இன்னைக்கே போய்க் கேட்டுருங்க.