ஏழாம் கட்டிலின் பதில்

எங்கள் வார்டில் காலை ஏழு மணிக்குக் கொடுக்கும் தே ஓ என்னும் பாலில்லாத் தேநீரில் சர்க்கரை எப்போதும் கூடுதலாக இருக்கும். ஏழாம் கட்டில் அமுதவள்ளி ஆன்டி தினமும் அதைக் குறை சொல்வார். "இதக் குடிச்சா நல்லா இருக்கறவனுக்கும் பைத்தியம் புடிச்சிரும் லா. இப்படித்தான் வார்டுக்கு ஆளு சேக்குறாங்க போல." அவர் அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே தொடங்குகிறேன். விசாரணைக் குழுவில் இருக்கும் உங்களுக்கும் அதுதான் வசதி.

என் பெயர் குகன். மனநல வார்டில் உதவியாளன், மூன்று வருடமாக இரவு வேலை. விரிப்பு மாற்றுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, கூரான பொருள் எதுவும் உள்ளே வராமல் பார்ப்பது. மொழிபெயர்ப்பு என் வேலை இல்லை. ஆனால் பெரிய டாக்டர் நோராய்னிக்குத் தமிழ் தெரியாது. ஆன்டிக்கு மலாய் மொழி, பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். மனதில் இருப்பதைச் சொல்ல அது போதாது. அதனால் வேலை முடிந்த பிறகும் எட்டு மணி ரவுண்டுவரை என்னை இருக்கச் சொன்னார்கள். யாரும் இதை எழுத்தில் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

ஆன்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். லோரி ஓட்டிய கணவர் இறந்து ஒரு வருடம் கழித்து, அவர் கீழே நின்று கூப்பிடுகிறார் என்று நான்காவது மாடிச் சன்னலில் ஏறியிருக்கிறார். மகள் மாதவி பிடித்து இழுத்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தார். மருந்து வேலை செய்தது. மூன்றாம் வாரம் டாக்டர் நோராய்னி, இன்னும் குரல் கேட்கிறதா என்று மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அதெல்லாம் நின்னுருச்சு தம்பி. நல்லாத் தூங்குறேன். மக கூடப் போவணும்னு சொல்லு."

நான் டாக்டரிடம், "அடா லாகி," என்றேன். இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

யோசிக்காமல் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். மாதவிக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அத்தனை நேரமும் ஆன்டி நான்காவது மாடியில் தனியாக இருப்பார். வார்டில் சன்னலுக்குக் கம்பி உண்டு. மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க ஆள் உண்டு. நான் இரண்டு வருடம் மனவியல் படித்தவன். பட்டம் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

படிப்பை ஏன் விட்டேன் என்று கேட்டீர்கள். என் அம்மாவும் இப்படி ஒரு வார்டில் இருந்தார், வேறு மருத்துவமனையில். வீட்டுக்கு அனுப்பலாமா என்று டாக்டர் என்னைக் கேட்டார். தேர்வு நடந்துகொண்டிருந்தது. தினமும் வார்டுக்குப் போய்வர எனக்கு அலுப்பாக இருந்தது. அனுப்பலாம் என்றேன். பன்னிரண்டாம் நாள் நான் கல்லூரியிலிருந்து திரும்பும்போது, கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். அந்தத் தாமதம் அம்மாதான். அது தெரியாமல் எல்லாரையும் போல நானும் பிளாட்பாரத்தில் நின்று எரிச்சல்பட்டேன்.

அந்த அறிவிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது. பெண் குரல், அவசரமில்லாத குரல். ஆகவே டாக்டரிடம் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. குரல் இருந்தது.

மருந்தைக் கூட்டினார்கள். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், மறுபடியும் கூட்டினார்கள். இரவில் ஆன்டி யாரிடமோ பேசினார் என்று ரவுண்டுக்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவைப்பேன். உண்மையில் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மாதவி ஷிப்ட் முடிந்து நேராக வருவார். "குகன் அண்ணே, இந்த வாரமாச்சும் விடுவாங்களா? சன்னலுக்கு கிரில் போட்டுட்டேன். பக்கத்து வூட்டு வீரம்மாக்கா பகல்ல வந்து கூட இருக்கேன்னுட்டாங்க."

"டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் பாக்கணுங்கறாங்கம்மா," என்றேன். கிரில் போட்டாலும் கதவு இருக்கிறதே.

ஆன்டியின் கை நடுங்கத் தொடங்கியது. தே ஓ மடியில் கொட்டியது. மூடியும் ஸ்ட்ராவும் உள்ள கப் ஒன்றை நானே வாங்கிவந்து கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நா சொல்றத டாக்டரு நம்ப மாட்டேங்கறாங்களா தம்பி?"

"நம்புறாங்க ஆன்டி."

சட்டையை விட்டார். "அப்ப எனக்கே தெரியாம கேக்குதோ என்னமோ."

இரண்டு வாரம் கழித்து டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆன்டி என் முகத்தைப் பார்த்து, "கேக்குது," என்றார். அன்று நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் பேச்சு நின்றது. தே ஓவைக் குறை சொல்வதும் நின்றது. ரவுண்டில் நான் குனிந்து அவர் உதட்டருகே காதை வைத்துக் கேட்பேன். நிமிர்ந்து, "அடா லாகி," என்பேன்.

டாக்டர் ஜெயராஜ் விஷயத்தில்தான் தவறிவிட்டேன். ப்ரிக்ஃபீல்ட்ஸ்காரர், பயிற்சி டாக்டர். பெயர் தமிழ், வாயில் வருவது ஆங்கிலமும் மலாயும்தான். கேன்டீன் அக்காவிடம்கூட ஆங்கிலத்தில்தான் தோசை கேட்பார். எங்களில் அப்படி நிறையப் பேர் உண்டு. மொழி தெரியாதவர் என்றே அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். ஆறு ரவுண்டு என் பக்கத்தில் சும்மா நின்றார். ஏழாவதில் ஆன்டி உதட்டை அசைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "வூடு," என்றார். நான் வழக்கமானதைச் சொன்னேன்.

"அண்ணே," என்றார் ஜெயராஜ், திக்கித் திக்கி. "அவங்க... வீடுன்னுதானே சொன்னாங்க?"

டாக்டர் நோராய்னி எழுதுவதை நிறுத்தினார்.

ஆக, நான்கு மாதம் அமுதவள்ளி ஆன்டி சொன்னதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. நல்லாயிருந்தவருக்கு மருந்து ஏற்ற வைத்தேன். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவரை மாதவியோடு அனுப்பப் போவதாகச் சொன்னீர்களே, அதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஆன்டிக்கு அதில் விருப்பம் இல்லை. அவரால் இப்போது பேச முடியாது என்பதால் உங்களுக்கு அது தெரியவில்லை. என்னை ஒரு நிமிடம் அந்தக் கட்டிலருகே விடுங்கள். நீங்கள் கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று நான் சொல்கிறேன்.