பெட்டி அசையவில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிள்ளையார் கோயில் ரோட்டு முடக்குவரை ஏற வேண்டும் ஐயா. டயகமப் பக்கம் பாதித் தோட்டங்கள் அப்படித்தான்.

அதனால்தான் செய்மதியை நம்பினோம். கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுக்குழு, சோதனைக்காக விண்ணுக்கு ஒரு சிறிய செய்மதி அனுப்பியிருந்தது. அதில் நான் வடிவமைத்த புது ரிசீவர் இருந்தது. தரையில் ஒரு பெட்டி; மண் நகர்ந்தால் அது சொல்லும். மேலே கடக்கும் செய்மதிக்கு அது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியை நான் பிறந்த லயத்துக்கு மேலே, சரிவில் நட்டேன். நாகலெட்சுமி அத்தை அதற்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் ரிசீவருக்கு எதுவும் கேட்கவில்லை. மலை மறைத்தது. இப்படியே போனால் அடுத்த செய்மதியில் அதற்கு இடமில்லை என்றார்கள். ஆகவே பெட்டியின் உள்ளே இருந்த கருவியைக் கழற்றி, வானம் திறந்து கிடக்கும் தோட்டத் துரையின் பங்களாப் புல்வெளியில் வைத்தேன். வெறும் கூட்டைச் சரிவிலேயே விட்டேன், சனம் பயப்படக் கூடாதே என்று. அதன்பின் ஒரு தடவைகூடத் தவறவில்லை. சோதனை வெற்றி என்று எழுதினேன். கை தட்டினார்கள்.

நவம்பர் மழையின் மூன்றாம் நாள், மத்தியானம், அத்தை நனைந்துகொண்டே முடக்குக்கு ஏறி, கொழும்பிலிருந்த எனக்குப் போன் எடுத்தார். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்துக்குப் போக எல்லாரும் மூட்டை கட்டிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்காக நிற்கிறார்களாம்.

"பெட்டி என்ன சொல்லுது கிஷாந்த்? நீ சொன்னா போறோம்."

திரையைப் பார்த்தேன். "பெட்டி அசையல அத்தை."

"அப்ப சரிப்பா. நாங்க இருந்துக்கிறோம்."

போங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார். அவர் சந்தனம் பூசிய பெட்டி இப்போது வெறும் கூடு என்று தெரிந்துவிடும். லயத்திலிருந்து படித்துப் போன ஒரே பிள்ளை நான். வெட்கமாக இருந்தது ஐயா, அவ்வளவுதான். அத்தை முடக்கிலிருந்து இறங்கிப் போனார்.

நாலு மணிக்கு லயம் மண்ணுக்குள் போனது. பத்தொன்பது பேர். அத்தையை இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள். அவர் கட்டிய மூட்டை அவிழ்க்காமலே பக்கத்தில் கிடந்தது.

உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கூட்டை விட்டது நான். அவர்களை இருக்க வைத்ததும் நான். வாக்குமூலத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் நான் பொய் சொல்லவில்லை. நாலு மணிக்குச் செய்மதி கடந்தபோதுகூடப் பெட்டி அசையாமல்தான் இருந்தது.