தலைக்கு எத்தனை மக்?

இன்ஜினியர்: குழாயை மூடுங்க அண்ணே! கப்பல்ல கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்கற மெஷின் படுத்துக் கிடக்குது, நீங்க கேன் கேனா பிடிக்கறீங்க!

சமையல்காரர்: கத்தாதீங்க இன்ஜினியரே, சமையலுக்குத்தான். வந்ததுதான் வந்தீங்க, ஒரு இங்கிலீஷ் சந்தேகத்தைத் தீர்த்துட்டுப் போங்க.

இன்ஜினியர்: இப்பவா?

சமையல்காரர்: கேப்டன் நோட்டீஸ் எழுதச் சொல்லிட்டாரு. என் கையெழுத்து அழகாம். தண்ணியைப் பங்கு போடணும். 'அலாட்', 'அலகேட்', 'ரேஷன்'... எதைப் போடறது? எல்லாம் ஒண்ணுதானே?

இன்ஜினியர்: ஒண்ணா? இந்தக் கட்டில் உங்களுக்கு, அந்த லாக்கர் எனக்குன்னு ஆள் பேருக்குக் குடுக்கறது அலாட். கிச்சனுக்கு இவ்வளவு, இன்ஜின் ரூமுக்கு இவ்வளவுன்னு வேலையைப் பார்த்து ஒதுக்கறது அலகேட்.

சமையல்காரர்: ரேஷன்?

இன்ஜினியர்: தட்டுப்பாடு வந்தா தலையை எண்ணி, ஆளுக்கு இத்தனை மக்னு அளந்து ஊத்தறது. நம்ம நிலைமைக்கு அதான் சரி.

சமையல்காரர்: அப்போ அலகேட்டே போட்டுடறேன்.

இன்ஜினியர்: நான் என்ன சொல்றேன், நீங்க என்ன செய்யறீங்க?

சமையல்காரர்: கிச்சனுக்குன்னு மொத்தமா ஒதுக்கிட்டா நான் பார்த்துக்க மாட்டேனா? தலையை எண்ணறதெல்லாம் ஜெயில்ல செய்யற வேலை.

இன்ஜினியர்: தலையை எண்ணினா உங்களுக்கு எங்கே குத்துது?

சமையல்காரர்: எனக்கென்ன... ரேஷன்னு பார்த்தா பசங்க பயந்துடுவாங்களேன்னு...

இன்ஜினியர்: வேர்க்கறது என்னவோ உங்களுக்குத்தான். நேத்து எல்லாரும் சாப்பிட்டப்புறம் ஒரு தட்டை மூடி ஸ்டோர் ரூமுக்கு எடுத்துட்டுப் போனீங்களே... யாருக்கு?

சமையல்காரர்: பூனைக்கு.

இன்ஜினியர்: இந்தக் கப்பல்ல பூனையே கிடையாது.

சமையல்காரர்: சரி, எலிக்குன்னு வெச்சுக்கோங்க!

இன்ஜினியர்: தட்டு நிறையச் சோறு திங்கற எலியா? அதை நான் பார்த்தே ஆகணும். ஸ்டோரைத் திறங்க.

சமையல்காரர்: சாவி தொலைஞ்சு போச்சு.

இன்ஜினியர்: இடுப்புல தொங்குது.

சமையல்காரர்: ...கதவுல கை வைக்காதீங்க! உங்களைக் கெஞ்சிக் கேட்கறேன். விஷயம் கேப்டன் காதுக்குப் போச்சுன்னா... மிதவையில ஏத்திக் கடல்ல விட்டுடுவாரு. போன தடவை ஒருத்தனை அப்படித்தான்...

இன்ஜினியர்: யாரை விட்டுடுவாரு? உள்ளே யாரு?

சமையல்காரர்: திருட்டுத்தனமா ஏறின ஆள். நங்கூரச் சங்கிலி ரூம்ல சுருண்டு கிடந்தான். உடம்பு கொதிக்குது. அப்படியே விட்டுட்டு வர மனசு வரல, தூக்கிட்டு வந்துட்டேன். யாருடா உன்னை ஏத்தி விட்டதுன்னு கேட்டா, வாயே திறக்க மாட்டேங்கறான்.

இன்ஜினியர்: ...சங்கிலி ரூம்லயா?

சமையல்காரர்: ஆமா. ஏன் சாவியைப் பிடுங்கறீங்க? கேப்டன்கிட்ட சொல்லணும்னா சொல்லுங்க, போங்க! ஆனா என்னைத் தாண்டித்தான் அவனைத் தொடணும்.

இன்ஜினியர்: அங்கே நான் வெச்ச தண்ணி வெச்சபடியே இருந்துச்சு அண்ணே. கடல்லதான் விழுந்துட்டான்னு... வாய்விட்டு யார்கிட்டயும் கேட்கவும் முடியாம... சொல்லுங்க, என் தம்பி உயிரோடதான் இருக்கானா?